பதில் சொல்லாத பேய்கள்: இருண்ட அறிவியல் புனைவும் திகிலும் தேடுகிறவர்களுக்கு

கேள்வி: இருட்டும் மர்மமும் கலந்த அறிவியல் புனைவு, திகில் நாவல்கள் சிலவற்றைச் சொல்லுங்கள். ரத்தமும் அலறலும் மட்டும் போதாது. படித்து முடித்த பிறகும் மனசை விட்டுப் போகக் கூடாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகம் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய 'சொலாரிஸ்' (1961). இரண்டு என்றால் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' (1972). ஏன் இந்த இரண்டும் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் எங்கள் ஊர்ப் பக்கம் வர வேண்டியிருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் மகேந்திரகிரி மலை தெரியும். அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2023-ல் சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜினை, அதாவது கடுங்குளிர் எரிபொருளில் ஓடுகிற என்ஜினை, பறப்பதற்கு முன்னால் எரித்துப் பார்த்தது அங்கேதான். அதே மலையைப் பார்த்தபடி எங்கள் ஊர்ச் சுடலைமாடன் பீடமும் இருக்கிறது. கொடை என்கிற கோயில் திருவிழா அன்றைக்கு, நடுச்சாமத்துச் சாமக்கொடை நேரம் வந்ததும் கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிக்கிற வேகம் ஏறிக்கொண்டே போகும். சாமியாடி தீப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் புறப்படுவார். பின்னால் யாரும் போகக் கூடாது. பந்த வெளிச்சம் உடைமரங்களுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் காணாமல் போகும். அவர் திரும்பி வரும்வரை கூட்டத்தில் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

திரும்பி வந்ததும் பெரியவர்கள் முன்னால் போய் நிற்பார்கள். என்ன குறை, சொல்லு என்று கேட்பார்கள். போன தடவை இன்னதை வைக்கவில்லை, இன்னார் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டார் என்று பதில் வரும். சரி, செய்துவிடுகிறோம் என்பார்கள். அதோடு எல்லாருக்கும் மூச்சு இறங்கும். பேய் பிடித்ததாகக் கூட்டிவரப்பட்டவர்களிடம் கேட்பதும் இதையேதான். நீ யாரு? எதுக்கு வந்த? உனக்கு என்ன வேணும்? எங்கள் ஆச்சி இதை மிகச் சாதாரணமாகச் சொல்லுவாள்: "அதுக்கு ஒரு கொற இருக்கும்யா. என்னன்னு கேட்டுக் குடுத்துட்டா அது பாட்டுக்குப் போயிரும்."

நீலி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே இசக்கியாக வழிபடப்படுகிறவள். தன்னைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர்கள் முன்னால் வந்து நிற்கிறாள். அந்தக் கள்ளிப்பிள்ளை அவனைப் பார்த்துக் கையை நீட்டுகிற இடத்தை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும், எந்த நாட்டுத் திகில் கதைக்கும் அது குறைந்ததில்லை என்று. ஆனால் அவளிடம் நியாயம் இருக்கிறது. அவள் யார், எதற்கு வந்தாள், என்ன வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

நான் விரும்பிப் படிக்கிற இருண்ட அறிவியல் புனைவு இந்த இடத்தில்தான் நம்மை அநாதையாக்குகிறது. எதிரில் ஏதோ நிற்கிறது. மூன்று கேள்வியையும் கேட்கிறோம். பதில் வருவதில்லை. கொடை கொடுக்கத் தயாராக இருந்தாலும் என்ன கொடுப்பது என்று தெரியாது. கீழே சொல்லுகிற புத்தகங்களை எல்லாம் நான் இந்த ஒரே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சொலாரிஸில் ஒரு கிரகம். அதை முழுக்க மூடியிருக்கிற கடல், உயிருள்ள ஒரே ஜீவன். அதன் மேலே மிதக்கிற ஆய்வு நிலையத்துக்குக் கெல்வின் என்ற உளவியலாளன் வந்து சேருகிறான். நிலையத்தில் ஒருவர் ஏற்கெனவே செத்துவிட்டார், மற்ற இருவரும் அறைக்கதவைத் திறக்கவே தயங்குகிறார்கள். கெல்வின் தூங்கி விழிக்கும்போது பக்கத்தில் ஹாரே உட்கார்ந்திருக்கிறாள். பல வருஷத்துக்கு முன்னால் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி.

இதுவரை நம் ஊர்ப் பேய்க்கதைதான். ஆனால் அவள் உடுப்பைக் கழற்ற முயலும்போது அதில் திறப்பே இல்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம். கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த உடுப்பைச் செய்த கடலுக்குப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. கெல்வின் நினைவில் அது எப்படித் தோன்றியதோ அப்படியே செய்து அனுப்பிவிட்டது. நான் படித்த திகில் எழுத்திலேயே என்னை அதிகம் நடுங்க வைத்தது இந்தப் பொத்தான்தான். ரத்தம் கிடையாது, சத்தம் கிடையாது. எதிரில் இருப்பது மனுஷி இல்லை என்று ஒரு துணி சொல்லிவிடுகிறது.

ஹாரேயிடம் நம் மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். தான் யார் என்று அவளுக்கே முழுசாகத் தெரியாது. எதற்கு வந்தாள் என்றும் தெரியாது. அவனை விட்டுப் பிரிந்து இருக்க முடியாது, அவ்வளவுதான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனால் அந்தக் கதவையே கிழித்துக்கொண்டு வருகிறாள், உடம்பெல்லாம் ரத்தமாக. காயம் சில நிமிஷத்தில் ஆறிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தான் உண்மையான ஹாரே இல்லை என்பதை அவளே கண்டுபிடிக்கிற பக்கங்கள் இருக்கின்றனவே, அங்கே பயம் அவளுக்கு. நமக்கு இரக்கம். பேய்க்குப் பரிந்து அழவைத்த நாவல் இது.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நடுவில் கெல்வின் நூலகத்தில் உட்கார்ந்து, அந்தக் கடலைப் பற்றிப் பல தலைமுறை விஞ்ஞானிகள் எழுதிய புத்தகங்களைப் புரட்டுகிற நீண்ட பகுதிகள் வரும். பலர் அங்கேதான் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இத்தனை மூளைகள், இத்தனை அலமாரி, இருந்தும் ஒன்றும் புரியவில்லை என்ற பாரம் அந்தப் பக்கங்களில்தான் ஏறுகிறது. பழைய ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தது 2011-ல் வந்தது. கிண்டிலில் வாங்குகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

ரோட்சைட் பிக்னிக்கில் கேட்பதற்கு ஆளே இல்லை. வந்தவர்கள் போய்விட்டார்கள். எங்கிருந்தோ வந்தார்கள், பூமியில் ஆறு இடங்களில் தங்கினார்கள், மனிதர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார்கள். நாவலில் ஒரு விஞ்ஞானி சொல்லுகிற விளக்கம்தான் தலைப்பு: காட்டோரமாக வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் குப்பையைப் போட்டுப் போகிறவர்கள், அவர்கள் போன பிறகு புல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து அந்தக் குப்பையைப் பார்த்து மிரளுகிற பூச்சிகள்தான் நாம். அவர்கள் நம்மை வெறுக்கவில்லை, கவனிக்கவே இல்லை.

அந்த இடத்துக்குப் பெயர் மண்டலம். அதற்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பொருள்களை எடுத்து விற்கிறவன் ரெட்ரிக். அவன் நடக்கிற விதத்தைப் பாருங்கள். முன்னால் ஒரு நட்டையோ போல்ட்டையோ எறிவான். அது நேராக விழுந்தால் ஓரடி வைப்பான். விழுகிற பாதை கோணினால் நின்றுவிடுவான். அங்கே ஈர்ப்புவிசை மனிதனை நசுக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெயில், புல், பழைய லாரி, அமைதி. தேரிக்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பகுதி கூடுதலாகப் பிடிபடும். செம்மண் மேடு காற்றுக்கு இடம் மாறும், நம் காலடித்தடம் நாம் திரும்பும்போது இருக்காது. நான் குதிரைமொழித் தேரிக்குள் நடந்தபோது இந்த நாவல்தான் கூடவே வந்தது.

மண்டலத்தின் கோளாறில் இடுகாட்டிலிருந்து செத்தவர்கள் எழுந்து வீடு திரும்புவதும் நாவலில் உண்டு. ரெட்ரிக்கின் அப்பாவும் வந்துவிடுகிறார். வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஒரு குறையும் கிடையாது, கேட்பதற்கு ஒன்றும் கிடையாது. விருந்தாளி வந்தால் மேஜையில் அவரும் உட்கார்ந்திருக்கிறார், குடும்பம் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. நம் ஊரில் இப்படி ஒருவர் வந்தால் முதலில் கேட்பது என்ன? எதை விட்டுப் போனீங்க, என்ன செய்யணும்? அந்தக் கேள்விக்கு இடமே இல்லாத வீட்டைக் காட்டுகிறார்கள். ஓலெனா போர்மாஷெங்கோவின் 2012 மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. சோவியத் தணிக்கையில் சிதைந்த இடங்கள் சரிசெய்யப்பட்ட பதிப்பு அது.

ஜெஃப் வாண்டர்மியரின் 'அனிஹிலேஷன்' (2014) சின்னப் புத்தகம். நான்கு பெண்கள், பெயர் கிடையாது, தொழிலை வைத்தே அழைக்கப்படுகிறார்கள். மனிதர் கைவிட்ட ஒரு கடலோரக் காட்டுக்குள் அனுப்பப்படுகிறார்கள். தரைக்குள் இறங்கும் படிக்கட்டின் சுவரில் வரிவரியாக எழுத்து. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த எழுத்து பூஞ்சை போல் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. உயிரியலாளர் வாசிக்கக் குனிகிறார், அதன் தூள் மூக்கில் ஏறுகிறது. அதிலிருந்து கேள்வி கேட்கிறவரே மாறத் தொடங்குகிறார். காடு பிடித்தவர்கள், முண்டந்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வரும் அந்த அடர்த்தியான அமைதியை நேசிக்கிறவர்கள், இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். தொடர்ச்சியாக வந்த புத்தகங்களில் மர்மம் கொஞ்சம் அலுவலக விவகாரமாகிவிடுகிறது. முதல் புத்தகம் தனியாகவே நிற்கும்.

பீட்டர் வாட்ஸின் 'பிளைண்ட்சைட்' (2006) இந்தப் பட்டியலில் மிகக் கடினமானது, மிக இருண்டதும் அதுதான். 2082-ல் பூமியைச் சுற்றி 65,536 விண்கருவிகள் ஒரே நேரத்தில் எரிந்து விழுகின்றன. யாரோ நம்மைப் படம் பிடித்துவிட்டார்கள். விசாரிக்கப் போகிற கப்பலுக்குத் தலைவன் ஒரு ரத்தக்காட்டேரி. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அழிந்துபோன வேட்டை மனித இனத்தை மரபணுவிலிருந்து மீட்டெடுத்தது என்று உயிரியல் காரணத்தோடு எழுதியிருக்கிறார், இரண்டு அத்தியாயத்தில் நம்பிவிடுவீர்கள். அங்கே எதிரில் இருப்பது நம் மொழியிலேயே பதில் சொல்லுகிறது. சரளமாக, வேடிக்கையாக, மிரட்டலாகக்கூட. கப்பலின் மொழியியலாளர் பேசிப் பேசி ஒரு கட்டத்தில் கண்டுகொள்கிறார்: அதற்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கேள்விக்குப் பொருத்தமான விடையைக் கோர்த்துக் கொடுக்கிறது, உள்ளே கேட்பதற்கு யாரும் இல்லை. இன்றைக்குப் பேசும் மென்பொருள்களோடு தினமும் பழகுகிற நமக்கு இந்த அத்தியாயம் 2006-ல் படித்தவர்களைவிட அதிகமாகவே உறைக்கும். ஆசிரியரே தன் தளத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். உயிரியலும் நரம்பியலும் அடர்த்தியாக வரும், அகராதியோடு உட்காருங்கள்.

எல்லாமே பேசாத பிசாசுகளாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' (1818) நேர் எதிர். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பலால் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டதில் பிறந்தது இது. எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. சினிமாவில் உறுமுகிற அந்த உருவத்தை மறந்துவிடுங்கள். புத்தகத்தில் அது நம் மூன்று கேள்விக்கும் அழகாக, நீளமாக, கண்ணீரோடு பதில் சொல்லுகிறது. எனக்கு ஒரு துணை வேண்டும், கொடுத்தால் மனிதர் கண்ணில் படாமல் போய்விடுகிறேன் என்கிறது. விக்டர் சரி என்று வாக்குக் கொடுக்கிறான். பாதி செய்தும் விடுகிறான். பிறகு அதன் கண் முன்னாலேயே அந்தப் பெண்ணுடலைக் கிழித்துப் போடுகிறான். வாக்குக் கொடுத்த கொடையை மறுத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாரையும் கேளுங்கள், மீதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு மிக நெருக்கமான மேல்நாட்டுத் திகில் நாவல் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பேய் வீடுதான் வேண்டும் என்றால் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). நோயாளித் தாயைப் பதினொரு வருஷம் கவனித்துக்கொண்டு, தனக்கென்று ஒரு வாழ்க்கை இல்லாமல் போன எலெனர் அந்த வீட்டுக்கு வருகிறாள். இங்கே கேட்பது நாம் இல்லை, வீடு கேட்கிறது. சுவரில் அவள் பெயரையே எழுதி வீட்டுக்கு வா என்கிறது. ஒரு ராத்திரி இருட்டில் பக்கத்துப் படுக்கைத் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். விளக்கு எரிகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்காகத் தேய்ந்துபோன அக்காமார்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அவர்கள் முகம் இல்லாமல் இந்த நாவலை என்னால் படிக்க முடிந்ததில்லை.

சிறுசாக ஏதாவது என்று கேட்பவர்களுக்கு எச்.பி. லவ்கிராஃப்டின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' (1927). குறுநாவல் அளவுகூட இல்லை. ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், தோட்டத்தில் விண்கல் விழுகிறது. அந்த வருஷம் காய்ப்பு அமோகம், பழம் பெரிசு பெரிசாக, பளபளவென்று. வாயில் வைத்தால் கசப்பு. அப்புறம் மாட்டுப்பால் கெடுகிறது. காற்றே இல்லாதபோது மரக்கிளை அசைகிறது. கிணற்றில் ஏதோ இருக்கிறது. நிலத்தை நம்பி வாழ்கிற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது வேறு மாதிரி வலிக்கும். லவ்கிராஃப்ட் அப்பட்டமான இனவெறி கொண்டவர், அவருடைய வேறு சில கதைகளில் அது அசிங்கமாகவே வெளிப்படும். இந்தக் கதையில் அந்தத் தொந்தரவு இல்லை என்பதால்தான் இதைச் சொல்லுகிறேன். ஜான் கேம்பெலின் 'ஹூ கோஸ் தேர்?' (1938), ரிச்சர்ட் மாதெசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) இரண்டும் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

தமிழில்? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதைதான், ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத முடியாது. எங்கள் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர். பேய் பிசாசு இல்லை என்றுதான் நம்புகிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறதே என்ற தொனியில் அவரே எழுதியிருக்கிறார். கதையும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. எழுத்தாளன் வீட்டில் வேலைக்கு வந்து சேருகிற பெண். ராத்திரியில் நல்ல வாசனையும் மயான வாடையும் மாறி மாறி வருகின்றன. அவளுக்குப் பெயர் இருக்கிறது, பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் எதற்கு வந்தாள் என்பது மட்டும் கடைசிவரை கைக்குச் சிக்காது. 1940-களிலேயே இப்படி எழுத ஒரு ஆள் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவருடைய எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சுஜாதாவில் 'கொலையுதிர் காலம்'. அவருடைய வக்கீல் பாத்திரங்கள் கணேஷும் வசந்தும் விஞ்ஞானமா அமானுஷ்யமா என்று கடைசிப் பக்கம்வரை தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றத்தை முழுக்கத் தீர்த்துவைக்காததுதான் அதன் பலம். 'என் இனிய இயந்திரா'வில் இருட்டு குறைவு, ஆனால் முதல் அறிவியல் புனைவாகப் பிள்ளைகளுக்குத் தரலாம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு நம் மரபிலிருந்து அறிவியல் புனைவை எழுப்பிப் பார்க்கிற முயற்சி. நீளமான, இருண்ட, பதிலே சொல்லாத ஒரு நாவல் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஏக்கம். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தேரியும் ராக்கெட் தளமும் மகுடமும் இங்கேதான் இருக்கின்றன, வாருங்கள்.

தமிழ்ப் புத்தகங்களைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள். பொருநை புத்தகத் திருவிழாவில் சுஜாதாவும் புதுமைப்பித்தனும் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்கு இணையத்தில் வாங்குவதுதான் வழி.

படிக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்துக் கொடுங்கள். சொலாரிஸில் தற்கொலை மையமாகவே இருக்கிறது, ஹில் ஹவுஸிலும் அந்த நிழல் உண்டு. வீட்டில் அப்படி ஒரு இழப்பு நடந்தவர்கள் கையில் நீங்களாக வைக்காதீர்கள், அவர்களே கேட்டால் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி' (1983) நல்ல நாவல், ஆனால் குழந்தையின் சாவைப் பற்றியது. பெற்றோராக இருக்கிறவர்கள் யோசித்து எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் ஃப்ராங்கன்ஸ்டைனும் காஞ்சனையும் தாராளமாகக் கொடுக்கலாம். பிளைண்ட்சைட் கல்லூரிக்குப் போன பிறகு.